எட்டாவது கட்டிலுக்கு ஆள்

யுத்தம் பர்மாவுக்கு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. சென்னையைக் காலி செய்துவிட்டுக் குடும்பம் குடும்பமாக மூட்டை முடிச்சுகளோடு அரியலூர் ஸ்டேஷனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது ஜில்லா போர்டில் ஓவர்சியர். சாலைக்குக் கொட்டும் கல்லை அளப்பதும், பள்ளிக்கூடச் சுவரில் விரிசல் கண்டால் குறித்துக்கொள்வதும், மதகு கட்டும் இடத்தில் வெயிலில் நிற்பதும்தான் வேலை. எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. 'இவன் பெண் பார்க்கப் போனாலும் டேப்பை எடுத்துக்கிட்டுத்தான் போவான்' என்று என் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து அச்சடித்த படிவம் ஒன்று வந்தது. குண்டு விழுந்தால், தீப்பிடித்தால், புயல் அடித்தால் நம் பக்கத்து ஆஸ்பத்திரிகள் தாங்குமா என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். பெரம்பலூர், குன்னம், அரியலூர், உடையார்பாளையம் என்று சைக்கிளில் சுற்றும் வேலை என் தலையில் விழுந்தது. படிவத்தைத் தயாரித்தவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாரோ தெரியாது. ஜன்னல் கண்ணாடிகள் சிதறாமல் இருக்கக் காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு கேள்வி. நான் பார்த்த ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஜன்னலுக்கு மரக்கதவு தவிர வேறெதுவும் கிடையாது. எல்லா மின்விளக்குகளையும் ஒரே இடத்தில் அணைக்க முடியுமா என்று இன்னொரு கேள்வி. அரிக்கேன் விளக்கை வாயால் ஊதினால் அணையும் என்று எழுதிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. வேலை போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

படிவத்தின் கடைசிக் கேள்வி மட்டும் விளையாட்டில்லை. 'இக்கட்டடத்தில் உள்நோயாளிகளைத் தொடர்ந்து வைத்திருக்கலாமா?' என்று கேட்டிருந்தது. அதில் 'கூடாது' என்று எழுதினால் அந்த ஆஸ்பத்திரியின் கட்டில்களை எடுத்துவிடுவார்கள். காலையில் மருந்து வாங்கிக்கொண்டு போகலாம், படுக்க இடம் இருக்காது.

உடையார்பாளையம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஓர் ஊர். அங்கே எட்டுக் கட்டில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஐப்பசி மாதம், காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். வாரம் ஒருமுறை அரியலூரிலிருந்து வேறு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரியை நடத்தியது ஒரு நர்ஸம்மாவும் ஒரு கம்பவுண்டரும் ஓர் ஆயாவும்தான். நர்ஸம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். தெற்கத்திப் பக்கம் பிறந்தவர், பேச்சு முழுக்க இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டிருந்தது. கம்பவுண்டர் பொடி போடுகிறவர். ஆயா ஊருக்கு வெளியே இருந்த சேரியைச் சேர்ந்தவள், நர்ஸம்மாவை விட உரக்கப் பேசுகிறவள்.

நான் டேப்பை விரித்தேன். சுவர் மண் சாந்தில் எழுப்பியது, மேலே மட்டும் சுண்ணாம்புப் பூச்சு. கூரை நாட்டு ஓடு. அதைத் தாங்கிய பனஞ்சட்டத்தைப் பேனாக் கத்தியால் குத்தினால் கத்தி பாதி உள்ளே போயிற்று. வாசல் ஒன்றே ஒன்று. கிணறு ரோட்டுக்கு அந்தப் பக்கம். வார்டில் ஏழு கட்டில். எட்டாவது கட்டில் பின்பக்கத் தாழ்வாரத்தில் தட்டி மறைப்புக்குள் தனியாகக் கிடந்தது. ஏன் தனியாக என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லாமல் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் நிலம் இருந்தது, அதில் வேலை செய்கிறவர்கள் எங்கே நிற்பார்கள் என்பது எனக்கு நடக்கப் பழகும் முன்பே தெரியும்.

மத்தியானத்துக்குள் படிவம் முழுக்க 'இல்லை', 'இல்லை' என்று எழுதி முடித்தேன். நர்ஸம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே வந்தார்.

"கடைசிக் கேள்விக்கும் இதே பதில்தானா சார்?"

"வேற என்ன எழுதச் சொல்றீங்க? இது ஒரு காத்துக்குத் தாங்காதுங்க."

"தாங்காதுதான். நான் தாங்கும்னு சொல்லல." அவர் குரலில் கெஞ்சல் இல்லை. "ஆனா கட்டில எடுத்துட்டா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நான் வரதுக்கு முன்ன இங்க கட்டில் கிடையாது. பிரசவம் கஷ்டம்னா மாட்டு வண்டியில அரியலூருக்கு ஏத்தி வுடுவாங்க. நான் வந்த முத வருஷம், அப்படிப் போன மூணு வண்டியில ரெண்டு வண்டி பாதி வழியிலேயே திரும்பி வந்துடுச்சு. நாந்தான் துணி போட்டு மூடினேன். போர்டு ஆபீசுக்கு எழுதி எழுதி வாங்கின கட்டில் சார் இந்த எட்டும்."

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனாலும் செல்லரித்த சட்டம் செல்லரித்த சட்டம்தானே என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது அவர் அட்மிஷன் ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். நோயாளியின் பெயர், ஊர், வியாதி, இவற்றுக்குப் பக்கத்தில் கையால் கோடு போட்டு இன்னொரு பத்தி. தலைப்பு: 'தூக்குகிறவர்'. ஒவ்வொரு நோயாளிக்கும் நேரே இரண்டு இரண்டு பெயர்கள் இருந்தன.

அதன் கதையைக் கம்பவுண்டர்தான் சொன்னார். சில வருஷங்களுக்கு முன்னால் சமையல் கொட்டகையில் பிடித்த நெருப்பு வார்டுக்குத் தாவியிருக்கிறது. ஊரே ஓடி வந்திருக்கிறது. அன்று ஊர்ப் பண்ணையார் காலில் கட்டியோடு வார்டில் படுத்திருந்தார்.

"வந்தவன் அத்தன பேரும் பண்ணையாரு கட்டிலயே புடிச்சிக்கிட்டான் சார். பன்னெண்டு பேரு ஒரு கட்டிலுக்கு! அவரு எறக்கி வுடுங்கடா, நானே நடந்து வரேன்டாங்கறாரு. வுட மாட்டேங்கறானுங்க. நாளைக்கி நீ தூக்கலியான்னு யாராச்சும் கேட்டுட்டா என்ன பண்றதுன்னு பயம். மத்தவங்களுக்கு வேற யாராச்சும் இருப்பாங்கன்னு ஒவ்வொருத்தனும் நெனச்சிக்கிட்டான். ரெண்டு பேரு உள்ளயே போயிட்டாங்க."

அதற்குப் பிறகு நர்ஸம்மா ஒரு ஏற்பாடு செய்தார். யாரையாவது வார்டில் சேர்த்தால், சேர்க்கிற வீட்டார் மணிச் சத்தம் கேட்கும் தூரத்தில் குடியிருக்கும் இரண்டு பேரைத் தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, 'எங்க ஆளை நீங்கதான் தூக்கணும்' என்று கேட்க வேண்டும். சொந்தக்காரர்கள் கூடாது, ஆபத்து நேரத்தில் அவர்கள் அழுவார்கள், தூக்க மாட்டார்கள். வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் வாக்கு. எந்த வேலையில் இருந்தாலும் மணி அடித்தால் வந்தாக வேண்டும். வராதவன் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைக்க ஆள் வராது. அந்த வட்டாரத்தில் வெற்றிலை வாங்கிக்கொண்டு வாக்குத் தவறுவதைவிடக் கேவலம் வேறு கிடையாது. அதை நர்ஸம்மா பிடித்துக்கொண்டார்.

"நெசமாவே வராங்களா?" என்றேன். என் குணம் அப்படி.

"கடியாரம் வச்சிருக்கீங்கல்ல? பாருங்க" என்றார்.

கம்பவுண்டர் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புத் தடியால் அடித்தார். நெசவாளர் தெருவிலிருந்து இரண்டு பேர் கையில் பாவு நூல் ஒட்டியபடி வந்தார்கள். மளிகைக் கடைக்காரர் தராசைப் போட்டது போட்டபடி வந்தார். செக்கு வைத்திருந்த வீட்டு அம்மாள், எண்ணெய் வழியும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவரவர் கட்டிலுக்கு நேரே போனார்கள், தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவர். எதிரே கல்சுவரும் காரைத் தளமும் போட்ட பள்ளிக்கூடம். ரோட்டைத் தாண்டி அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். கம்பவுண்டருக்கு மணி அடித்ததும் மருந்துப் பெட்டியும் ரிஜிஸ்தரும்தான் பொறுப்பு. வேறு எதையும் அவர் தொடக் கூடாது. ஏழு கட்டிலும் போய்ச் சேர நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இதே ஒத்திகையைப் பார்த்திருந்தேன். அங்கே சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரை மணி ஆயிற்று.

எட்டாவது கட்டிலை நர்ஸம்மாவும் ஆயாவும் கடைசியாகத் தூக்கி வந்தார்கள். அதில் கிணறு வெட்டும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒரு பெண் இருந்தாள். மரச்சட்டம் வைத்துக் கட்டியிருந்தது. சேரிக்காரி. சேரி ஒரு மைல் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது, மணி அங்கே கேட்காது. ஊருக்குள் இருப்பவர்கள் அவள் புருஷன் கையால் வெற்றிலை வாங்க மாட்டார்கள். வாங்கியவர்கள் ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்த நர்ஸம்மாவும் ஆயாவும்தான். ரிஜிஸ்தரில் அவர்கள் பெயர் இருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. "சொல்லிவச்சு வரவழைச்சிருப்பீங்க. நாளைக்கு நான் சொல்ற நேரத்துல அடிங்க, பாக்கலாம்" என்றேன். நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடிச்சிப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையிலிருந்தே காற்று. மழை சாய்வாக வந்து விழுந்தது. மத்தியானத்துக்கு மேல் பக்கத்துக் குப்பத்தில் பிரசவம் என்று வண்டி வந்து நர்ஸம்மாவை ஏற்றிப்போயிற்று. நான் மூன்று மணிக்கு ஒத்திகை வைக்கலாம் என்று கடியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். இந்த மழையில் ஒருத்தனும் வர மாட்டான், பார்க்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தது உண்மை.

மூன்று மணிக்கு முன்பே முதல் ஓடு பறந்தது. பிறகு வரிசையாகப் பறந்தன. உள்ளே பனஞ்சட்டம் ஒன்று கூரையிலிருந்து எழும்பி எழும்பி உட்கார்ந்தது. கம்பவுண்டர் என்னிடம் உத்தரவு கேட்கவில்லை. குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மணியை அடித்தார்.

வந்தார்கள். அத்தனை பேரும் வந்தார்கள். கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்று தள்ளியதில் ஒருவர் விழுந்து எழுந்து, சேறும் சகதியுமாக வந்தார்கள். தங்கள் வீட்டுக் கூரையும் பறந்துகொண்டிருந்த நேரத்தில், வெற்றிலை வாங்கிய ஒரே காரணத்துக்காக வந்தார்கள். நான் வேலையில் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ பாலமும் மதகும் பார்த்திருக்கிறேன். அவர்களைப் போல் பலமான எதையும் பார்த்ததில்லை.

ஏழு கட்டிலும் வெளியே போயிற்று; கடியாரத்தைப் பார்த்தேன், அன்றும் நாலே நிமிஷம். பின்பக்கத் தாழ்வாரத்திலிருந்து ஆயாவின் குரல் வந்தது.

"சார்! இந்தப் பக்கம் வாங்க! நர்ஸம்மா இல்ல, நா ஒருத்திதான். கால் பக்கம் புடிங்க!"

ஓடினேன். கட்டிலுக்கு அருகில் போய் நின்றேன். அவ்வளவுதான், அதற்கு மேல் என் கை போகவில்லை. மேலே ஓடு சரிகிறது, ஆயா தலைப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துகிறாள், கட்டிலில் கிடந்தவள் என்னையே பார்க்கிறாள். நான் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தேன், வேறு யாராவது வருவார்களா என்று. யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை வரவில்லை.

செக்கு வீட்டம்மாள் தன் நோயாளியை இறக்கிவிட்டு, விட்டுப்போன கம்பளியை எடுக்கத் திரும்பி வந்தவர், தட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏன்யா, கல்லுப்புள்ளையாரு மாதிரி நிக்கிறீயே! கடியாரம் புடிக்கிற கைக்கி கட்டில் புடிக்கத் தெரியாதா?"

என்னை ஒரே இடி இடித்துத் தள்ளிவிட்டுக் கால்பக்கத்தை அவரே பிடித்தார். பிடித்த பிறகுதான் அவருக்கும் தாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் முகம் மாறிற்று. ஆனால் விடவில்லை. அப்போதுதான் என் கையும் போயிற்று. பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது ஆளாக நானும் ஓடினேன். ரோட்டைத் தாண்டும்போது பின்னால் சத்தம் கேட்டது. வார்டின் நடுக்கூரை தாழ்வாரத்தையும் சேர்த்துக்கொண்டு உள்ளே விழுந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் யாரை எங்கே போடுவது என்று பார்க்க அன்று நேரமில்லை. எட்டுக் கட்டிலும் ஒரே அறையில் வரிசையாகக் கிடந்தன. நான் கையைப் பார்த்தேன். கடியாரம் இன்னும் அதில் இருந்தது. ஓடி வந்த நேரத்தைக் கழித்துப் பார்த்தால், ஆயா கூப்பிட்டதிலிருந்து நான் கட்டிலைத் தொட்டது வரை மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

காற்று அடங்கிய பிறகு நர்ஸம்மா முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார். தாயும் பிள்ளையும் சுகம் என்றார். கட்டில்களை எண்ணினார். விழுந்த கூரையை ஒருமுறை பார்த்தார். அன்றைக்கு அவர் பயப்பட்டது கூரையை நினைத்து அல்ல, என் படிவத்தை நினைத்து என்று எனக்குத் தெரியும். ஒரு காற்றுக்குத் தாங்காது என்று நான் சொன்னது அப்படியே பலித்துவிட்டதே.

மறுநாள் காலை புறப்படும்போது கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொண்டேன். கடைசிக் கட்டிலில் கிடந்தவளிடம் சமாதானமாக ஏதாவது சொல்ல நினைத்து, "கூரைய பாத்து ரொம்ப பயந்துட்டியா?" என்றேன்.

"கூரைக்கி நா பயப்படல சாமி" என்றாள். "நீங்க நின்னீங்கல்ல. அதப் பாத்துத்தான் பயமாப் போச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காய்ச்சல் இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்பது போலச் சொன்னாள். நான் சைக்கிளை மிதித்து அரியலூர் வந்து சேரும்வரை அந்தக் குரல் காதைவிட்டுப் போகவில்லை.

அன்று மாலையே ரிப்போர்ட் எழுதினேன். சுவர், கூரை, வாசல் எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பிறகு தனித்தாள் சேர்த்து, வெற்றிலை வைப்பதிலிருந்து மணி அடிப்பது வரை எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். காற்றில் ஏழு கட்டில் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்று எழுதினேன். எட்டாவது கட்டிலுக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். 'எட்டாவது கட்டிலில் மூன்று நிமிஷம் தாமதம். அருகில் நின்றவர் நோயாளியின் ஜாதி காரணமாகத் தொடத் தயங்கினார். அப்படி நின்றவர் இந்த அறிக்கையை எழுதும் ஓவர்சியர். ஏற்பாட்டில் வேறு குறை இல்லை' என்று எழுதினேன். கடைசிக் கேள்விக்கு, 'வைத்திருக்கலாம். கூரை மாற்றும்வரை பள்ளிக்கூடத்தில்' என்று பதில் எழுதினேன்.

திருச்சியில் எஞ்சினியர் அதை இரண்டு தடவை படித்தார். கண்டிப்பானவர், ரிட்டயர் ஆகும் வயது.

"கூரை விழுந்துடுச்சு. வச்சிருக்கலாம்னு எழுதியிருக்கே. நாலு நிமிஷத்துல ஏழு கட்டில்ங்கறே. புயல்ல. இத எவன் நம்புவான்?"

"நான் கடியாரத்துல பாத்தேன் சார்."

அவர் மறுபடியும் கடைசித் தாளைப் பார்த்தார். "இந்த வரி எதுக்கு? உன் பேருக்குத்தான் கெடுதல். அடிச்சுடு."

"அடிச்சா மத்ததும் பொய்யாயிடும் சார்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு, "தன்னைப் பத்தியே இப்படி எழுதறவன் கடியாரத்துல மட்டும் பொய் சொல்ல மாட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போலச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தின் ஒரு பகுதியை ஆஸ்பத்திரிக்கு விடவும், கார்த்திகைக்குப் பின் கூரை வேலையைத் தொடங்கவும் உத்தரவாயிற்று.

உத்தரவு நகலைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். நானே கொண்டுபோனேன். நர்ஸம்மா பள்ளிக்கூட அறையில் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். இங்கிலீஷில் இருந்ததால் மெதுவாகப் படித்தார்.

"மூடலியா சார்?"

"மூடல."

"எழுத்துலயே குடுத்துட்டாங்களா?"

"குடுத்துட்டாங்க. கையெழுத்து கீழ இருக்கு பாருங்க."

புயலில் கலங்காதவர், அந்தக் காகிதத்தைப் பிடித்தபடியே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று அறையின் கோடிக்கு நடந்தார். எட்டுக் கட்டிலில் முதலில் எதற்குப் போவார் என்று நான் நினைத்தேனோ அதற்குப் போகவில்லை. ரோட்டைப் பார்த்த ஜன்னலோரத்தில் மணியக்காரரின் தாயார் படுத்திருந்தார், அவரைத் தாண்டிப் போனார். கடைசியில் தொடையில் கட்டோடு கிடந்தவளிடம் போய்க் குனிந்து, "கட்டில எடுக்க மாட்டாங்களாம்டி. நீ கட்டு பிரிக்கிற வரைக்கும் இங்கயேதான்" என்றார்.

அவள் நர்ஸம்மாவைத் தாண்டி என்னைப் பார்த்தாள். நான் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில், எங்கே நிற்பது என்று தெரியாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் நல்ல காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. ஒக்காருங்க" என்றாள்.

வரிசையாகக் கிடந்த ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன்.